சம்பந்தி கொண்டுவந்த ஹெல்மெட்

என் அக்காவைச் சம்மட்டி என்று சொன்னால்தான் பஸ் டிரைவர்களுக்குத் தெரியும். இடிபட்ட பஸ்களின் தகட்டை அடித்து நிமிர்த்துவது அவள் வேலை. பட்டி பூசித் தேய்த்துப் பெயின்ட் அடிப்பது என் வேலை. வேலை பாதியில் இருக்கும்போதே குறை சொன்ன ஒரு டிரைவருக்குக் கன்னத்தில் விட்டாள் பாருங்கள் ஒரு அறை! மறுபடி வண்டி நசுங்கியபோது அந்த ஆள் அவளிடமே கொண்டுவந்து விட்டார், அது வேறு விஷயம்.

அவள் இப்படிப் பிறந்தவள் இல்லை. இப்படி ஆக்கினார்கள்.

அத்தான் ஆலையில் வேலை பார்த்தார். வேலைநிறுத்தம் நடந்தபோது முதலாளி அடியாட்களைக் காவலுக்கு வைத்தான். எந்தக் காலத்துச் சண்டையிலோ மிஞ்சிய பட்டாளத்து ஹெல்மெட்டுகளை ஏலத்தில் எடுத்து அவர்கள் தலையில் கவிழ்த்திருந்தான். பித்தளை முத்திரை பதித்த, எங்கள் தாத்தா பிறப்பதற்கும் முந்தைய இரும்பு. ஒரு நாள் கேட்டைத் திறந்துகொண்டு பாய்ந்தார்கள். ஓடியவன் முதுகில் அடி, விழுந்தவன் வயிற்றில் உதை. விழுந்த ஒருவனைத் தூக்க அத்தான் குனிந்தார். பிடரியில் ஒரு தடி இறங்கியது. மண்டியிட்டவர் மேல் நாலைந்து பேர் மொய்த்துக்கொண்டு அடித்தார்கள். எலும்பு முறிகிற சத்தம் எனக்குக் கேட்டது. இன்றைக்கும் யாராவது குச்சியை ஒடித்தால் நான் எழுந்து போய்விடுவேன்.

அத்தானுக்குச் சாப்பாடு கொண்டுபோயிருந்தோம், நானும் அக்காவும். பாத்திரத்தை எறிந்துவிட்டுக் கேட்டின் தாழ்ப்பாள் கம்பியை உருவினாள் அக்கா. கிட்டே இருந்த ஹெல்மெட்டின் மேல் ஓங்கிப் போட்டாள். இரும்பு உள்வாங்கியது. அந்த ஆள் காதில் ரத்தம் கொட்டச் சுருண்டு விழுந்தான். அவள் மறுபடி ஓங்கினாள். நான்தான் இடுப்பைக் கட்டி இழுத்தேன், இல்லாவிட்டால் கொன்றே போட்டிருப்பாள். அத்தான் கண் திறக்காமலே போய்ச் சேர்ந்தார். அவர் மகள் அப்போது இடுப்புக் குழந்தை.

அந்தக் குழந்தைதான் போன மாதம் ஒருவனைக் கூட்டிவந்து, "கட்டினா இவனைத்தாம்மா" என்றாள். பையன் தங்கமானவன். இரண்டு வீட்டாரும் உட்கார்ந்து பேசினோம். அவன் அப்பாவுக்கு வலது காது கேட்காது. பேச்சு முடிகிறவரை மனுஷன் அக்காவையே பார்த்துக்கொண்டிருந்தார். "என்னக்கா, இந்த ஆளு இப்படி முழிக்கிறாரு?" என்று நான் அவள் காதைக் கடித்தேன்.

மறுநாள் எங்கள் பட்டறைக்கே வந்துவிட்டார். துணிப்பையிலிருந்து அந்த ஹெல்மெட்டை எடுத்து மேசைமேல் வைத்தார். உச்சிக்கு வலப்பக்கம், கம்பியின் அகலத்துக்கு ஒரு ஒடுக்கு.

"சம்பந்தியம்மா, இதை ஹால்ல கண்ணாடிப் பெட்டிக்குள்ள வெச்சிருக்கேன். போர்ல பட்ட அடின்னு வர்றவங்ககிட்டல்லாம் கதை விட்டுட்டிருந்தேன். நேத்து உங்க முகத்தைப் பார்த்ததும் தெரிஞ்சுபோச்சு, அன்னிக்குக் கம்பி ஓங்கினது நீங்கதான். தூக்கிப்போட மனசு வரல, என் உயிரைக் காப்பாத்தினது. ஒடுக்கை எடுத்துப் பெயின்ட் அடிச்சுப் புதுசாக்கிடறீங்களா? இல்ல, அப்படியே இருக்கட்டுமா? நீங்களே சொல்லுங்க."

அக்கா அவர் சட்டையைப் பிடித்துச் சுவரில் மோதினாள். சுத்தியல் அவர் முகத்துக்கு நேரே உயர்ந்தது.

"என் புருஷனைக் கொன்னது நீயா?"

"அடிச்சவங்கள்ல நானும் ஒருத்தன். யார் அடியில போனாருன்னு சத்தியமா எனக்குத் தெரியாது."

சுத்தியல் அவர் காதை ஒட்டிச் சுவரில் இறங்கியது. காரை பெயர்ந்து தோளில் கொட்டியது. "போய்யா வெளியே!" என்று அலறினாள். ஹெல்மெட்டை விட்டுவிட்டுப் போனார்.

மகளிடம் எல்லாவற்றையும் சொன்னோம். "வேணாம்னா விட்டுடறேம்மா" என்றாள். சொன்னாளே தவிர, அதற்கப்புறம் அவள் தொண்டையில் சோறு இறங்கவில்லை. பெற்றவளுக்கு அது ஒரு சித்திரவதை.

எனக்குப் பொறுமை போய்விட்டது. "ஒடுக்கை எடுத்துத் தொலைக்கா. அது போனா பேச்சும் போச்சு, பொண்ணு நிம்மதியா வாழுவா."

"எடுத்துட்டா அங்க ஒண்ணுமே நடக்கலன்னு ஆயிடும்டி. உங்க அத்தானுக்காக விழுந்த ஒரே அடி இதுதான்."

"அப்ப கல்யாணத்தை நிறுத்து!"

பதிலுக்கு ஹெல்மெட்டைப் பட்டடைக் கல்லில் கவிழ்த்தாள். அப்பளமாக நொறுக்கப் போகிறாள் என்றுதான் நினைத்தேன். ஓங்கிய கை அந்தரத்தில் நின்றது. பிறகு சுத்தியலைக் கீழே வைத்துவிட்டு, "துருவை மட்டும் நைசா தேச்சு எடு. ஒடுக்கு தெரியற மாதிரி மேல கிளியர் கோட் அடி. கலர் வேணாம், பட்டி வேணாம்" என்றாள். அடித்தேன். காய்ந்ததும் சம்பந்திக்குச் சொல்லி அனுப்பினாள்.

வந்தவர் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "ஒடுக்கை எடுக்கலையா?"

"எடுக்கல. கல்யாணம் நடக்கட்டும். ஆனா இது இப்படியே உங்க ஹால்ல இருக்கணும். இனிமே போர்க்கதை விடாதீங்க. இதை யார் அடிச்சது, எதுக்கு அடிச்சதுன்னு உங்க பையன்கிட்ட சொல்லுங்க. நாளைக்கு என் பொண்ணு மேல கை ஓங்கத் தோணுச்சுன்னா, அவன் கண்ணுல முதல்ல இது படணும்."

அவர் முகம் கறுத்துவிட்டது. "என் பையன் அப்படிப்பட்டவன் இல்லைங்க."

"நீங்களும் உங்க வீட்டுல அப்படிப்பட்டவரா இருந்திருக்க மாட்டீங்க" என்றாள் அக்கா.

அவர் ஹெல்மெட்டைப் பையில் போடாமல் கையிலேயே ஏந்திக்கொண்டு படி இறங்கினார்.

அவர் தெரு திரும்பியதும், நசுங்கிக் கிடந்த பஸ் கதவு ஒன்றை இழுத்துப் போட்டு அக்கா அடிக்க ஆரம்பித்தாள். கண்ணிலிருந்து தண்ணீர் கொட்டியது, கை நிற்கவில்லை. தகடு நிமிர்ந்த பிறகும் அடித்தாள். எனக்குத் தடுக்கத் தோன்றவில்லை. கதவைத்தானே அடிக்கிறாள், அடிக்கட்டும்.