மண்புழுவுக்கு சலைன் ஏற்றியவர்

"ஏசி இல்லாத இடத்துல நான் தூங்கறதை யாராவது பார்த்தா, அது தூக்கம் இல்ல. ஆள் போயிட்டான்னு அர்த்தம். ஆம்புலன்ஸ்லாம் வேண்டாம், நேரா சொந்தக்காரங்களுக்குச் சொல்லி விட்டுடுங்க."

ஓர் அடுக்குமாடிக் குடியிருப்பின் கார் நிறுத்துமிடத்தில், குடியிருப்போர் கூட்டத்தின் நடுவே, பிளாஸ்டிக் நாற்காலியிலிருந்து எழுந்து நின்று, கையில் ஸ்பேனரோடு இந்தப் பிரகடனத்தைச் செய்தவர் ஓர் ஏசி மெக்கானிக். குடியிருப்பில் அவருக்குக் கூலிங் அண்ணன் என்று பெயர். பெற்றோர் வைத்த பெயரும் ஒன்று உண்டு. அதைச் சொல்லி யாராவது கூப்பிட்டால் அவரே திரும்பிப் பார்ப்பதில்லை.

இத்தனைக்கும் அவரை யாரும் வம்புக்கு இழுக்கவில்லை. மாநகராட்சியின் பசுமைத் திட்டத்திலிருந்து வந்திருந்த பெண், தோளில் துணிப்பையும் முகத்தில் வியர்வையுமாக நின்றுகொண்டு, "மொட்டைமாடியில செடி வெச்சா மேல்வீடு கொஞ்சம் குளிரும். ஏசி ஓடற நேரத்தைக் குறைச்சுக்கலாம்" என்றுதான் சொன்னார். நகைக்கடைக்குள் புகுந்து, தங்கமும் ஒரு தகரம்தானே என்று சொன்னால் முதலாளிக்கு எப்படி இருக்கும்? நம்மவருக்கு அப்படி இருந்தது.

கூலிங் அண்ணனைப் பற்றி இங்கே சற்று விரிவாகச் சொல்லியாக வேண்டும். வெளியே நின்று கம்ப்ரஸர் போடும் சத்தத்தைக் கேட்டே, உள்ளே ஃபில்டர் அடைத்திருக்கிறதா, வீட்டுக்காரர் பொய் சொல்கிறாரா என்று கண்டுபிடித்துவிடுவார். ஊரெல்லாம் ஏணியில் தொங்கி வெயிலில் காய்ந்துவிட்டு வருகிற மனிதர், வீட்டுக்குள் நுழைந்ததும் செருப்பைக் கழற்றுவதற்கு முன்னால் ரிமோட்டைத் தேடுவார். பதினாறு டிகிரி. மழை பெய்தாலும் பதினாறு. கம்பளியைக் காதுவரைக்கும் இழுத்துப் போர்த்திக்கொண்டு, குளிரில் பல் தந்தியடிக்கத் தூங்குவதுதான் உழைத்துச் சம்பாதித்த மனிதனின் தூக்கம் என்பது அவர் சித்தாந்தம். பக்கத்தில் அவர் மனைவி ஸ்வெட்டரும் காலுறையும் குல்லாயும் அணிந்து, எவரெஸ்டுக்குக் கிளம்பியவர்போலப் படுத்திருப்பார்.

இந்த மனைவிக்கு டோக்கன் அக்கா என்று பெயர். தனியார் ஆஸ்பத்திரி ஒன்றில் வரவேற்பு மேஜையில் உட்கார்ந்து நோயாளிகளுக்கு டோக்கன் கொடுப்பது வேலை. ஜன்னலே இல்லாத ஹால். எதிரே பகல் முழுக்க இருமல். அதனால்தானோ என்னவோ, பசுமைத் திட்டத்துப் பெண் கொண்டுவந்த நாற்றுகளையும், காய்கறித் தோலை உரமாக்கும் மண்புழு நிரம்பிய ஒரு நீல டிரம்மையும் பார்த்ததும், "நான் பாத்துக்கறேன்" என்று முதலில் கை தூக்கியவர் அவர்தான். கணவர் பிரகடனம் முடித்து உட்கார்ந்து மூச்சு வாங்குவதற்குள் இது நடந்துவிட்டது.

குடியிருப்போர் சங்கச் செயலாளருக்கு இதில் துளியும் இஷ்டமில்லை. அவர் காப்பீட்டு முகவர். எல்லாவற்றிலும் ஆபத்தைப் பார்த்துப் பழகியவர். அவர் வீடு கூலிங் அண்ணன் வீட்டுக்கு நேர் கீழே. மேலிருந்து ஏசித் தண்ணீர் சொட்டிச் சொட்டி அவருடைய காயப்போட்ட சட்டைகளின் தோளிலேயே விழுவது ஒரு நெடுநாள் வழக்கு. மொட்டைமாடியை ஒரு பனியன் கம்பெனியின் விளம்பரப் பலகைக்கு விட வேண்டும் என்பது அவர் கனவு. கடைசியில் சங்கம் ஒரு தீர்ப்புச் சொன்னது: கோடையில் திட்டத்துப் பெண் பரிசோதனைக்கு வருவார். அன்றைக்கு டிரம் நல்லபடியாக இருந்தால் மாடி செடிகளுக்கு. இல்லாவிட்டால் பனியனுக்கு.

டோக்கன் அக்கா டிரம்மை நிர்வாகம் செய்த அழகைத் தனியாகச் சொல்ல வேண்டும். காய்கறித் தோல் கொண்டு வருகிறவர்கள் முண்டியடிக்கக் கூடாது என்று டோக்கன் போட்டார். சாயங்காலம் மாடிப்படியில் வரிசை நிற்கும்.

"அடுத்து யாரு? என்ன பிரச்சினை?"

"வெள்ளரித் தோலுங்க. கூட ரெண்டு எலுமிச்சை."

"வெள்ளரி உள்ள போகலாம். எலுமிச்சைக்கு இங்க சிகிச்சை இல்ல."

வருஷக்கணக்கில் லிஃப்டுக்குள் ஒருவரையொருவர் சுவரைப் பார்ப்பதுபோலப் பார்த்துக்கொண்டிருந்தவர்கள், "உங்க வீட்ல இன்னிக்குத் தோல் கம்மியா இருக்கே, உடம்பு சரியில்லையா?" என்று விசாரிக்க ஆரம்பித்தார்கள். மூன்றாம் மாடி மாமி ஒருவர் புழு மென்று தின்னச் சிரமப்படுமே என்று கேரட் தோலைப் பொடிப்பொடியாக நறுக்கிக் கொண்டுவந்தார். அவர் கணவருக்குக்கூட அப்படி நறுக்கிக் கொடுத்ததில்லை என்று அந்தக் கணவரே வரிசையில் நின்று வருத்தப்பட்டார். பூசணிக்கொடி மாடிப் பந்தலில் ஏறி, பெரிய பெரிய இலையாக விட்டு, மஞ்சள் பூ பூத்தது. வேலையிலிருந்து வந்து அந்தப் பூவுக்குக் கீழே கால்மணி நேரம் சும்மா உட்கார்ந்திருப்பதுதான் டோக்கன் அக்காவின் நாளில் யாரும் இருமாத நேரம்.

கூலிங் அண்ணன் மட்டும் மாடிப்பக்கம் எட்டிப் பார்க்கவில்லை. கொள்கை.

அப்புறம் வெயில் வந்தது. காற்றில் ஈரப்பசையே இல்லாமல், துணி காயப்போட்ட கையோடு எடுத்து மடிக்கிற வெயில். பரிசோதனைக்கு இன்னும் ஒரு வாரம் இருக்கையில், டோக்கன் அக்கா டிரம்மின் மூடியைத் திறந்தார். புழுக்களெல்லாம் மேலே ஏறி மூடியின் உட்பக்கத்தில் கொத்தாக ஒட்டிக்கொண்டிருந்தன, கடைசி பஸ்ஸின் படிக்கட்டில் தொங்குகிற கூட்டம்போல.

அன்று அவர் கீழே வந்து ஒன்றும் பேசவில்லை. கூலிங் அண்ணனால் எந்தச் சத்தத்தையும் தாங்க முடியும். மனைவி சத்தம் போடாமல் இருப்பதைத்தான் தாங்க முடியாது.

"என்ன ஆச்சு?"

"ஒண்ணுமில்ல."

"ஒண்ணுமில்லைன்னா ஏன் ஸ்வெட்டரைத் திருப்பிப் போட்டிருக்க?"

விஷயம் வெளியே வந்தது. கூலிங் அண்ணன் தன் பையிலிருந்து ஏசிக்கு வைத்துப் பார்க்கிற தெர்மாமீட்டரை எடுத்துக்கொண்டு, கொள்கையை வாசலில் கழற்றி வைத்துவிட்டு மாடி ஏறினார். கம்பியை மண்ணுக்குள் செருகினார். முப்பத்தாறு.

"இதுங்க எவ்வளவு தாங்கும்?"

"முப்பதுக்குள்ள இருக்கணும்னு அந்தப் பொண்ணு சொல்லுச்சு. இன்னும் ரெண்டு நாள் இப்படி இருந்தா அவ்வளவுதாங்க."

ஒரு மெக்கானிக்கிடம் ஒரு பொருள் சூடாகிறது என்று சொன்னால் அவர் என்ன செய்வார்? டிரம்மைத் தோளில் தூக்கினார். லிஃப்டில் இறக்கினார். படுக்கையறையில், தன் கட்டிலுக்கும் சுவருக்கும் நடுவில் வைத்தார். ரிமோட்டை எடுத்தார்.

"பதினாறு வேண்டாங்க, அதுங்களுக்கு ஜன்னி வந்துடும். இருபத்திரண்டு வைங்க."

திருமணமான நாளிலிருந்து அசையாத எண் அன்று அசைந்தது. டோக்கன் அக்கா சேர்ந்து படுக்க மறுத்து, குல்லாயைக் கழற்றி வைத்துவிட்டு ஹாலில் மின்விசிறிக்குக் கீழே நிம்மதியாகத் தூங்கினார். உள்ளே கூலிங் அண்ணனும் புழுக்களும். காலையில் புழுக்கள் மூடியை விட்டு இறங்கி மண்ணுக்குள் போயிருந்தன.

இதோடு அவர் வாயை வைத்துக்கொண்டு சும்மா இருந்திருந்தால் இந்தக் கதைக்கு இங்கேயே முற்றுப்புள்ளி வைத்திருக்கலாம். ஆனால் அவர் லிஃப்டில் சொன்னார், பால் வாங்குகிற இடத்தில் சொன்னார், யார் வீட்டு ஏணியில் ஏறினாலும் மேலிருந்து சொன்னார். "புழுவே ஏசி கேக்குது சார். மனுஷனைப் போய்ச் செடிக்கடியில உக்காரச் சொல்றாங்க." செயலாளரைப் படிக்கட்டில் நிறுத்தி வைத்தே சொன்னார்.

செயலாளர் மிகுந்த அனுதாபத்தோடு கேட்டார். "இருபத்திரண்டுலயா இருக்கு? ராப்பகலாவா? பாவம், நல்லா இருக்கட்டும்" என்றார். வீட்டுக்குள் போய்த் திட்டத்துப் பெண்ணுக்கு போன் போட்டார்.

சாயங்காலம் அந்தப் பெண் டோக்கன் அக்காவைக் கூப்பிட்டார். "அக்கா, டிரம் ஏசி ரூம்ல இருக்குன்னு சொல்றாங்களே. மின்சாரத்தை மிச்சம் பிடிக்கத்தான் இந்தத் திட்டமே. மாடியில, கரண்ட் இல்லாம இருந்தாத்தான் நான் எழுத முடியும். சனிக்கிழமை மதியம் வர்றேன்."

போனை வைத்துவிட்டு டோக்கன் அக்கா கணவரைப் பார்த்தார். கோபம்கூட இல்லை. "பூசணி இப்பத்தான் பிஞ்சு விட்டிருக்கு" என்று மட்டும் சொல்லிவிட்டு முகம் கழுவப் போனார். குழாய் ரொம்ப நேரம் ஓடியது. தண்ணீரை வீணாக்கினால் ஊரையே திட்டுகிற மனுஷி.

கூலிங் அண்ணனுக்கு வாழ்க்கையில் முதல்முறையாக, தான் பேசிய பேச்சு ஏசித் தண்ணீர்போல யார் தோளிலோ சொட்டியிருக்கிறது என்று பட்டது.

டிரம் மாடிக்குத் திரும்பியது. முதலில் ஐஸ் கட்டி வைத்தார். அது உருகிப் புழுக்கள் நீச்சல் பழகின. பிறகு ஒரு சின்ன ஃபேனோடு வந்தார்.

"கரண்ட் கூடாதுன்னு சொல்லியிருக்காங்க" என்றார் மனைவி.

"பேட்டரிம்மா."

"பேட்டரி மரத்துலயா காய்க்குது?"

அவர் பந்தலுக்கடியில் தலையில் கைவைத்து உட்கார்ந்தார். கேஸ் இல்லை, கூலிங் காயில் இல்லை, கம்ப்ரஸர் இல்லை. போர்க்களத்துக்குத் துப்பாக்கியில்லாமல் வந்த சிப்பாயின் நிலை. அப்போது டோக்கன் அக்கா முகம் துடைத்த ஈரத் துண்டைக் கொடிக் கம்பியில் போட, மாடிக்காற்று அதன் வழியாக வந்து அவர் கழுத்தில் சில்லென்று பட்டது. எழுந்து துண்டுக்குப் பின்னால் கையை நீட்டிப் பார்த்தார். முன்னால் நீட்டிப் பார்த்தார். மறுபடி பின்னால்.

"சாக்கு வேணும்" என்றார். "நிறைய. விடாம ஈரமா இருக்கணும். ஆனா உள்ள ஒழுகக் கூடாது. சொட்டுச் சொட்டா விழணும்."

"சொட்டுச் சொட்டான்னா, சலைன் மாதிரியா?"

இருவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். பெண் பார்த்த அன்றுகூட அப்படிப் பார்த்துக்கொண்டதில்லை.

மறுநாள் டோக்கன் அக்கா, ஆஸ்பத்திரியில் நர்ஸ்கள் பழகுவதற்கு வைத்திருந்த புதுச் சலைன் ட்யூப்கள் சிலவற்றைக் கேட்டு வாங்கி வந்தார். பந்தல் கம்பியில் பாட்டில்கள் தலைகீழாகத் தொங்கின. டிரம்மைச் சுற்றிச் சாக்குகள். சாக்குகளின் விளிம்பில் ட்யூப்கள். பாட்டிலில் ஊற்றுவதற்குத் தண்ணீர் வேண்டுமே. கூலிங் அண்ணன் கேனைத் தூக்கிக்கொண்டு வீடு வீடாகப் போய், அவரவர் ஏசியிலிருந்து சொட்டுகிற தண்ணீரைக் கேட்டு வாங்கினார். தன் வீட்டு ஏசிக் குழாய்க்கடியிலும் ஒரு கேனை வைத்தார். செயலாளரின் சட்டைகள் முதல்முறையாக நனையாமல் காய்ந்தன. திட்டுவதற்கு விஷயமில்லாமல் அவர் பால்கனியில் தவித்துப்போனார்.

வேடிக்கை பார்க்க வந்த மாமி, "நிலைமை எப்படி இருக்கு?" என்று தாழ்ந்த குரலில் கேட்டார்.

"இருபத்தெட்டுல நிக்குது. இன்னிக்குப் பொழுது தாண்டிட்டா பயமில்ல" என்றார் கூலிங் அண்ணன்.

சொட்டின் வேகத்தை வெயிலுக்குத் தகுந்தபடி திருகிக்கொண்டே இருக்க வேண்டியிருந்தது. அதனால் சனிக்கிழமை காலையிலேயே, வந்த வேலைகளையெல்லாம் தள்ளி வைத்துவிட்டு, ஐசியூ வாசலில் உறவினர் காத்திருப்பதுபோல டிரம்முக்குப் பக்கத்தில் பாய் விரித்து உட்கார்ந்துவிட்டார். மேலே பூசணி இலை. பக்கத்தில் ஈரச் சாக்கு. சாக்கைத் தாண்டி வருகிற காற்று. சொட்டு, சொட்டு.

மதியம் திட்டத்துப் பெண் வந்தார். பின்னாலேயே செயலாளர், கையில் பனியன் கம்பெனி கொடுத்த அளவு டேப்போடு. மாடிக் கதவைத் திறந்துவிட்ட டோக்கன் அக்கா வழிவிட்டு ஒதுங்கி நின்றார். அந்தப் பெண் தொங்குகிற பாட்டில்களைச் சற்று நேரம் பார்த்தார். என்ன எழுதுவது என்று தெரியாமல் பேனாவைக் கடித்தார். பிறகு தெர்மாமீட்டரைச் செருகி எடுத்தார்.

"இருபத்தேழு" என்றார். "மாடி உங்களுதுதான் அக்கா."

டோக்கன் அக்கா பந்தல் காலைப் பிடித்துக்கொண்டார். செயலாளர் அளவு டேப்பை மெல்லச் சுருட்டினார். சுருட்டும்போதுதான் பாயைக் கவனித்தார். குனிந்து பார்த்தார். அவர் முகம் மலர்ந்தது.

"ஏம்மா, உங்க வீட்டுக்காரர் அன்னிக்குக் கூட்டத்துல ஒண்ணு சொன்னாரே, ஞாபகம் இருக்கா? சொந்தக்காரங்களுக்கு நான் போன் போடட்டுமா, நீங்க போடறீங்களா?"

"மெதுவாப் பேசுங்க" என்றார் டோக்கன் அக்கா.

பூசணி இலை நிழலில், வாய் லேசாகத் திறந்திருக்க, கூலிங் அண்ணன் சீரான குறட்டை விட்டுக்கொண்டிருந்தார். காற்று ஒருமுறை பலமாக வீசியது. அவர் உடம்பைக் குறுக்கி ஒருக்களித்துப் படுத்தார். கண்ணைத் திறக்காமலே கையால் துழாவி, டிரம்மிலிருந்து தொங்கிய ஈரச் சாக்கின் ஓரத்தைப் பிடித்துக் காதுவரைக்கும் இழுத்துப் போர்த்திக்கொண்டார்.