ஆயுத பூஜையும் அத்தையின் டிவிடி டிரைவும்

ஆயுத பூஜையன்று எங்கள் வீட்டில் பொட்டு வைக்கிற வேலை என்னுடையது. பத்து வயதில் எனக்கு வாய்த்த ஒரே அதிகாரம் அதுதான் என்பதால் எதையும் விட்டுவைக்க மாட்டேன். மண்வெட்டி, களைக்கொத்து, அப்பாவின் பைக், மிக்சி என்று வரிசையாகச் சந்தனமும் குங்குமமும் வைத்துக்கொண்டே போய் அத்தையின் கம்ப்யூட்டர் முன்னால் நின்றேன்.

அப்பாவின் தங்கையான அத்தை, மாமாவின் வீட்டிலிருந்து கிளம்பி எங்களோடு வந்து ஆறு மாதம் ஆகியிருந்தது. அரசுத் தேர்வு எழுதி வேலைக்குப் போவதென்று முடிவு செய்து, பாடங்களைச் சிடியில் போட்டுக் கேட்டுக்கொண்டிருந்தாள். எங்கள் ஊருக்கு இன்டர்நெட் எட்டிப் பார்க்காத காலம். அந்தப் பழைய கம்ப்யூட்டர்தான் அவளுக்கு வாத்தியார், வகுப்பு எல்லாம். அப்பேர்ப்பட்டதற்கு வெளியே மட்டும் பொட்டு வைத்தால் போதுமா? பட்டனை அழுத்தினேன். தட்டு வெளியே வந்தது, அதில் ஒரு சிடி இருந்தது. எழுத்துள்ள பக்கத்தில் வைத்தால் எழுத்து மறைந்துவிடுமே என்று, பளபளப்பான பக்கத்தில் தாராளமாகச் சந்தனம் அப்பி, குங்குமம் வைத்து, பழையபடி கவிழ்த்து உள்ளே தள்ளினேன். அத்தை பாசாக வேண்டும் என்று வேண்டிக்கொள்ளவும் செய்தேன்.

மறுநாள் அத்தை கம்ப்யூட்டரைப் போட்டதும் உள்ளே கரகரவென்று சுற்றி நின்றுவிட்டது. சிடியை எடுத்துப் புரட்டிப் பார்த்தாள். பிறகு என் விரல்களைப் பார்த்தாள். நான் கையைப் பாவாடையில் மறைத்துக்கொண்டேன்.

அதற்குள் அப்பா வந்துவிட்டார். "பொட்டியே வேணாங்குதுல்ல? ஞாயித்துக்கெழம மாப்ள வர்றேன்னிருக்காரு. அவரோட கெளம்பற வழியப் பாரு."

"பழசுங்கண்ணா, தேஞ்சு போச்சு. வேற மாத்திக்கலாம்" என்றாள் அத்தை. என்னைக் காட்டிக்கொடுக்கவில்லை.

எனக்குக் குற்ற உணர்ச்சி இருந்தது. ஆனால் மாமா வருகிறார் என்ற சந்தோஷம் அதைவிடப் பெரிதாக இருந்தது. அவர் வெறுங்கையோடு வரவே மாட்டார்.

அத்தை சிடி சுழலும் டிரைவைக் கழற்றிப் பஞ்சால் துடைத்தாள். பயனில்லை. வெள்ளிக்கிழமை பஸ் ஏறித் தருமபுரிக்குப் போய்ப் புதிய டிரைவ் ஒன்று வாங்கி வந்தாள். அதன் வாய் வேறு மாதிரி இருந்தது, எங்கள் கம்ப்யூட்டரின் பட்டை வயர் அதில் நுழையவில்லை. அப்பா மீசைக்குள் சிரித்தார். அம்மா எந்தப் பக்கமும் சேராமல் புளி கரைத்துக்கொண்டிருந்தாள். சனிக்கிழமை அத்தை அந்த வயரையே கழற்றிப் பையில் போட்டுக்கொண்டு மறுபடி போனாள். கடைகடையாக ஏறி இறங்கி, பொழுது சாயும்போது பழைய மாதிரி டிவிடி டிரைவ் ஒன்றோடு வந்தாள். சிடி, டிவிடி இரண்டும் ஓடுமாம். தோழி கொடுத்து, போட்டுப் பார்க்க வழியில்லாமல் கிடந்த டிவிடி பாடங்களையும் அலமாரியிலிருந்து எடுத்து வைத்தாள். ஆனால் மாட்டிப் பார்த்தால் கம்ப்யூட்டர் அதைக் கண்டுகொள்ளவே இல்லை.

ஞாயிறு காலை கடைக்காரரிடம் போனில் கேட்டாள். டிரைவின் பின்னால் அரிசி மணி அளவுக்கு ஒரு மூடி இருக்கும், அதைப் பிடுங்கி அடுத்த கம்பியில் மாட்டுங்கள் என்றாராம். அத்தை ஊக்கை வைத்து அதை நெம்பிக்கொண்டிருந்தபோது மாமா வந்துவிட்டார். என் கன்னத்தைக் கிள்ளி கிரீம் பிஸ்கட் கொடுத்தார். நாற்காலியில் உட்கார்ந்து, "கெளம்பலாமா?" என்றார்.

அத்தை திரும்பவில்லை. மூடியை இடம் மாற்றி, டிரைவை உள்ளே தள்ளி, சுவிட்சைப் போட்டாள். ஒரு டிவிடியை வைத்தாள். கொஞ்ச நேரம் ஒன்றுமில்லை. பிறகு யாரோ ஒரு வாத்தியார் அரசியலமைப்புச் சட்டத்தைப் பற்றி உரத்த குரலில் பேசத் தொடங்கினார். அத்தை சத்தத்தை இன்னும் கூட்டினாள்.

"பரிச்ச இருக்குதுங்க. நான் வர்ல" என்றாள், அந்தச் சத்தத்துக்கு மேல்.

மாமா அப்பாவைப் பார்த்தார். அப்பா அத்தையையே பார்த்துக்கொண்டிருந்தார். கடைசியில், "பரிச்ச முடியட்டும் மாப்ள. போயிட்டு வாங்க" என்றார். அம்மா வைத்த காபியில் ஆடை படிந்தும் மாமா அதைத் தொடாமல் எழுந்து போனார்.

எனக்கு அழுகை வந்துவிட்டது. "மாமா நல்லவரு, ஏன் போவல?" என்று அத்தையிடம் கத்தினேன். "பாடம் ஓடுது பாப்பா, சும்மா இரு" என்று மட்டும் சொன்னாள். அந்தத் தேர்வில் இல்லை, அடுத்த தேர்வில் பாசானாள். நான் மட்டும் ரொம்ப நாள் அவளிடம் முகம் கொடுத்துப் பேசவில்லை.

தக்காளி பறிக்கப் போகும் பெண்கள் சேலைக்கு மேல் ஆண்களின் முழுக்கைச் சட்டையைப் போட்டுக்கொள்வது எங்கள் பக்கத்தில் வழக்கம். எங்கள் வீட்டுக்கு வந்த அந்தச் சித்திரையில் அத்தை காட்டுப் பக்கமே போகவில்லை. வீட்டுக்குள்ளேயே அப்பாவின் சட்டையைப் போட்டுக்கொண்டு, அந்த வெயிலிலும் மணிக்கட்டுப் பித்தானைக்கூடக் கழற்றாமல் உட்கார்ந்திருந்தாள். குளிக்கும்போது முதுகு தேய்த்துவிடப் போனால் துரத்திவிடுவாள். எங்கள் அத்தைக்குக் காட்டு வேலை என்றால் அவ்வளவு ஆசை என்று நான் பள்ளிக்கூடத்தில் பெருமையாகச் சொல்லிக்கொண்டு திரிந்தேன்.