இடியக்கா கல்யாணத்துக்குப் போன கதை

சந்தையில் கோழிக்கறிக் கடை வைத்திருந்தவளை எல்லாரும் இடியக்கா என்றுதான் கூப்பிட்டார்கள். பெற்றவர்கள் வைத்த பெயர் வேறு. அதை யாரும் கேட்டதில்லை, அவளும் சொன்னதில்லை. எடையில் ஏமாற்றிய தீவனக்காரனுக்கு மூக்கு உடைந்தது அவளால்தான். கணவன் செத்த மறுமாதமே, "பொம்பளைக்கு எதுக்குக் கறிக்கடை" என்று வந்து நின்ற கொழுந்தனுக்கு இரண்டு விலா எலும்பு போயிற்று. நியாயம் பேச அவளுக்கும் வாய் உண்டு. என்ன செய்ய, கை முந்திக்கொள்ளும்.

மகள் அம்மாவை உரித்து வைத்தவள். எட்டாம் வகுப்பு முடிகிற சமயத்தில், வருடம் முழுக்கத் தன்னைக் "கொக்கரக்கோ" என்று கூப்பிட்ட ஒருவனின் முன்பல்லை ஜியாமெட்ரி பாக்ஸால் பெயர்த்துவிட்டாள். பள்ளிக்கூடத்தில் டி.சி.யைக் கையில் கொடுத்து அனுப்பிவிட்டார்கள். அதை எடுத்துக்கொண்டு இடியக்கா ஏறி இறங்காத பள்ளிக்கூடம் இல்லை. காரணத்தைப் படித்ததும் எல்லாரும் கையை விரித்தார்கள். திங்கட்கிழமை பள்ளி திறக்கிறது, ஒன்பதாம் வகுப்புக்கு இடம் கிடைத்தபாடில்லை.

அப்போதுதான் வெளியூரிலிருந்த அண்ணன் ஃபோன் செய்தான். அவன் மகனுக்கு வெள்ளிக்கிழமை கல்யாணம். பெண்ணைப் பெற்றவர் அங்கே ஒரு பள்ளிக்கூடத்தில் தலைமையாசிரியர்.

"சம்பந்திகிட்ட பேசிட்டேன். கல்யாணத்துக்குக் கூட்டிட்டு வரச் சொல்லு, பாத்துட்டு சேத்துக்கறேன்னார். அவ நம்ம வீட்லயே தங்கிப் படிக்கட்டும்."

"கண்டிப்பா சேத்துப்பாராண்ணே?"

"கண்டிப்பா. ஆனா ஸ்கூலும் ரொம்பக் கண்டிப்பு."

"கண்டிப்பு நல்லதுதானே."

"அது சரி. நீ வரும்போது உன் கையை மட்டும் வீட்ல வச்சுட்டு வா."

வெள்ளிக்கிழமை காலை, இடியக்காவின் ஊரில் இருந்த சொந்தக்காரர்களை ஏற்றிப்போகப் பெண் வீட்டார் அனுப்பிய வேன் வந்தது. கூடவே தலைமையாசிரியரின் தம்பியும் வந்தான். வாட்டசாட்டமான ஆள், வாய் அதைவிடப் பெரிது. தாய்க்கும் மகளுக்கும் பின்னால் அவன் சீட்.

"இவதானா அந்தப் பல்லு டாக்டர்?" என்று சொல்லி மகளின் தலையில் நறுக்கென்று ஒரு குட்டு வைத்தான். வேனில் இருந்தவர்கள் சிரித்தார்கள். சிரிப்புக் கேட்டதும் அவனுக்கு உற்சாகம் வந்துவிட்டது. இன்னொரு குட்டு, பிறகு இன்னொன்று.

மகள் திரும்பினாள். "என்னைத் தொடாதீங்க."

பளாரென்று இடது கன்னத்தில் விழுந்தது. "பெரியவங்ககிட்ட இப்படித்தான் பேசுவியா?"

இடியக்காவைத் தெரிந்தவர்கள் முன் சீட்டுக் கம்பியை இறுகப் பிடித்துக்கொண்டார்கள். அவளோ இரண்டு கைகளையும் தொடைக்கு அடியில் வைத்து அவற்றின் மேலேயே உட்கார்ந்துகொண்டாள்.

"அம்மா," என்றாள் மகள்.

"ஜன்னல் பக்கம் பாரு."

ஊரையே புரட்டி எடுத்தவள் பேசுகிற பேச்சா இது? மூன்று மணி நேரமும் மகள் ஜன்னலையேதான் பார்த்துக்கொண்டு வந்தாள்.

தாலி கட்டி, பந்தி முடிந்து, மேடையோரம் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்த தலைமையாசிரியரிடம் அண்ணன் இருவரையும் அழைத்துப் போனான். தம்பிக்காரன் பக்கத்திலேயே நின்றான்.

"இனிமே யாரையும் அடிக்க மாட்டியேம்மா?" என்று கேட்டார் தலைமையாசிரியர்.

"உங்க தம்பி மட்டும் என்னை அடிக்கலாமா சார்?"

இடியக்காவுக்குப் பகீரென்றது. கிடைத்த ஒரே இடமும் கை நழுவப் போகிறது. காலையிலிருந்து அடக்கி வைத்த கை எழுந்து மகளின் வலது கன்னத்தில் இறங்கியது. ஊரில் யார் யாரையோ அடித்தவள், பெற்ற நாளிலிருந்து மகளை ஒரு தட்டுத் தட்டியதில்லை.

தலைமையாசிரியரின் முகம் மலர்ந்தது.

"கண்டிப்பான தாய். இப்படித்தான் இருக்கணும். திங்கக்கிழமை கூட்டிட்டு வாங்க, சேத்துக்கலாம். ஒம்பதாவதுக்கு என் தம்பிதான் க்ளாஸ் டீச்சர். ரெண்டே மாசத்துல வழிக்குக் கொண்டுவந்துடுவான்."

"கேட்டுச்சா?" என்று தம்பிக்காரன் மகளின் தலையில் இன்னொரு குட்டு வைத்தான்.

அவ்வளவுதான். கோழியின் இரண்டு இறக்கையையும் பின்னால் சேர்த்து ஒரே கையில் பிடித்துவிட்டால் அது அசையாது. இடியக்காவுக்கு இத்தனை வருடப் பழக்கம். அவன் கைகள் இரண்டும் முதுகுக்குப் பின்னால் போன விதம் அவனுக்கே விளங்கவில்லை. முகத்தை நாற்காலி முதுகில் ஒரு மோது மோதினாள். வெள்ளைச் சட்டையெல்லாம் ரத்தம். திருப்பி நிறுத்தி அறைந்தாள். மறுபடி அறைந்தாள். குறுக்கே வந்த தலைமையாசிரியரின் கண்ணாடி முழங்கை பட்டுப் பறந்தது. "கல்யாண வீடுடி, விட்டுத் தொலை," என்று அண்ணன் இடுப்பைப் பிடித்து இழுத்தான், அவனும் ஓர் உதை வாங்கினான். மாப்பிள்ளை மேடையிலிருந்து இறங்கவே இல்லை. வீடியோக்காரன் மட்டும் ஒரு நொடிகூட நிறுத்தாமல் எடுத்துக்கொண்டிருந்தான்.

"இந்த ஜென்மத்துல உன் பொண்ணுக்கு என் ஸ்கூல்ல இடம் கிடையாது," என்று கத்தினார் தலைமையாசிரியர்.

"வேணாம்," என்றாள் இடியக்கா. மூச்சு வாங்கியது.

திரும்பிப் போக வேன் ஏது? பேருந்தில் வந்தார்கள். மகளின் இடது கன்னம் ஏறக்குறைய ஆறியிருந்தது. வலது கன்னத்தில்தான் விரல்கள் சிவக்கச் சிவக்கப் பதிந்திருந்தன. கத்தி பிடிக்கிற கை போட்டது, சீக்கிரம் ஆறாது. இடியக்காவால் அந்தப் பக்கம் பார்க்கவே முடியவில்லை.

"திங்கக்கிழமை என்னம்மா பண்றது?"

"தெரியலடி."

பிறகு இடியக்கா மகள் பக்கம் திரும்பி உட்கார்ந்தாள்.

"அவன் உன்னை அடிச்சான், அவனுக்குத் திருப்பிக் குடுத்தாச்சு. நான் அடிச்சதுக்கு யாரு குடுக்கறது? நீ குடு."

"சும்மா இரும்மா."

"குடுடி. நான் செஞ்சது தப்பு."

மகளும் அவள் பக்கம் திரும்பினாள். பிறகு கையை ஓங்கி ஓர் அறை விட்டாள். இடியக்கா பெற்ற பெண்ணாயிற்றே, பூப்போலவா விழும்? டிக்கெட் கிழித்துக்கொண்டிருந்த நடத்துநர் திடுக்கிட்டுத் திரும்பினார். இடியக்காவின் காது ரீங்காரமிட்டது, கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது.

அதைப் பார்த்த பிறகுதான், காலையிலிருந்து ஒரு சொட்டுக் கண்ணீர் விடாத மகள், அம்மாவின் மடியில் கவிழ்ந்து ஓவென்று அழுதாள்.