ஏழு மரைக்கார்மாரும் ஒரு சஹன் தட்டும்

என் மகள் படிக்கிற பள்ளிக்கூடத்தில், அதிபரின் அறைக்கு வெளியே, கண்ணாடிச் சட்டம் போட்ட ஒரு தாள் தொங்குகிறது. நடுவில் நாலு வரி எழுத்து. அதைச் சுற்றிவர, வட்டமாக, ஏழு கையெழுத்து. போன மாதம் நடந்த விழாவில் ஒருவர் அதைக் காட்டி, நம் மூத்தவர்களின் ஒற்றுமையைப் பாருங்கள், முதலுமில்லை கடைசியுமில்லை, என்ன அறிவு, என்ன பெருந்தன்மை என்று ஒலிபெருக்கியில் உருகினார். எல்லாரும் கைதட்டினார்கள். அது அவர்களுடைய அறிவில்லை, அந்த வட்டம் எங்கள் வீட்டுச் சோற்றுத் தட்டு என்று எழும்பிச் சொல்லியிருக்க வேண்டும். எட்டாம் ஆண்டோடு நின்றவள் எழும்பி என்ன பேசுவது, பிறகு மகளுக்கு ஏதும் வினை வந்தால் என்ன செய்வது என்று நான் யோசித்து முடிப்பதற்குள் விழாவே முடிந்துவிட்டது. அன்றைக்குச் சொல்லாமல் வந்ததை இப்போது சொல்கிறேன்.

அந்தத் தட்டை வைத்து வட்டம் போட்டது என் மாமி, சின்ன மாமாவின் மனைவி. மாமா புடவை எடுக்க இந்தியாவுக்குப் போய்வந்த காலத்தில், அங்கே கடற்கரை ஊரொன்றில் கலியாணம் முடித்துக் கூட்டிவந்தவர். எங்கள் ஊரில் மாப்பிள்ளைதான் பெண் வீட்டுக்குப் போவார். வீடு பெண்ணுக்கு. குடியும் தாய்வழி, உம்மா எந்தக் குடியோ பிள்ளையும் அந்தக் குடி. குடிக்கு ஒரு மரைக்கார், அவர்தான் பள்ளிவாசலில் அந்தக் குடிக்காகப் பேசுவார். மாமிக்கு இங்கே உம்மாவுமில்லை, வீடுமில்லை, அதனால் குடியுமில்லை. எங்கள் வளவின் மூலையில் தகரம் போட்ட ஓர் அறையில் இருவரும் இருந்தார்கள். யாரைக் கண்டாலும் எந்தக் குடி என்றுதான் எங்கள் சனம் முதலில் கேட்கும். மாமி சிரித்துக்கொண்டே, "நான் பிளேன்ல வந்த குடிம்மா" என்பார்.

அங்கே டீச்சராக இருந்தவர் அவர். இங்கே வந்த இரண்டாம் வருடமே, தறிக் கொட்டிலில் வேலை முடிந்ததும் பின்னேரங்களில் பெண்களை இருத்தி எழுத்துச் சொல்லிக்கொடுக்கத் தொடங்கினார். வெளிநாட்டுக்கு வேலைக்குப் போகிறவர்கள் வாசிக்காமலே தாளில் பெருவிரல் பதிக்கிறார்களே என்பது அவருக்குப் பொறுக்கவில்லை. வீடு வீடாகப் போய்க் கூப்பிடுவார். பெண் தனியாகப் போனால் கதை வரும் என்பதால் துணைக்கு நான். எனக்குப் பதின்மூன்று வயது. நாய் கடிக்குமோ, யாரும் ஏசுவார்களோ என்று பயந்துகொண்டே பின்னால் நடப்பேன்.

எங்கள் பள்ளிக்கூடம் அப்போது எட்டோடு முடிந்தது. ஒன்பது படிக்கத் தோணியேறி வாவியின் அக்கரைக்குப் போகவேண்டும். துறையில் ஆமியின் சோதனைச் சாவடி. ஆண் பிள்ளைகள் போனார்கள். எங்களைத் தறியில் இருத்தினார்கள். நான் அந்த வருடம் எட்டு. ஒன்பதும் பத்தும் பதினொன்றும் இங்கேயே வந்தால் நீ நிற்கவேண்டியதில்லை என்று மாமி சொன்னார். அதற்குக் கல்விக் கந்தோருக்கு ஊரின் கடிதம் போகவேண்டும். ஏழு மரைக்கார்மாரும் ஒப்பம் வைத்தால்தான் அது ஊரின் கடிதம்.

எங்கள் குடிக்கு மரைக்கார் என் பெரிய மாமா. உம்மாவின் மூத்த காக்கா, அதாவது மூத்த அண்ணன். மாமி முதலில் அவரிடம்தான் போய்க் கேட்டார். அவர் கதிரையில் சாய்ந்தபடி, "நீங்க எந்தக் குடிக்காகக் கதைக்கிறீங்க?" என்றார். சொந்தத் தம்பியின் மனைவியிடம்! எனக்கு அன்றைக்கு வெட்கமாக மட்டும்தான் இருந்தது. இன்றைக்கு நினைத்தால் உடம்பெல்லாம் எரிகிறது.

மாமி அழவில்லை. மறுநாள் கொட்டிலில் பெண்களைக் குடி குடியாகப் பிரித்து, அவரவர் மரைக்காரிடம் அவரவரே கேட்கட்டும் என்றார். கேட்டார்கள். தங்கச்சி, தங்கச்சியின் மகள் என்று ஆளுக்கொரு பக்கம் நெருக்க, ஏழு பேரும் ஓமென்று சொல்லிவிட்டார்கள். மாமி சந்தோஷத்தில் ஒரு நல்ல தாளெடுத்து, அழகாக எழுதி, கீழே கோடு கிழித்து, ஒன்று முதல் ஏழு வரை இலக்கம் போட்டார். அங்கேதான் பிழை நேர்ந்தது.

தாள் போன வீட்டிலிருந்தெல்லாம் வெறுமையாகத் திரும்பி வந்தது. முதலாம் கோட்டில் வைக்க எல்லாரும் ஆயத்தம், இரண்டாம் கோட்டில் வைக்க ஒருவருமில்லை. ஒரு மரைக்காரின் மகள் எங்கள் வாசலில் நின்று கத்தினாள்: "எங்கட வாப்பா ரெண்டாவதா? கந்தூரிச் சாப்பாட்டில முதல் சஹன் தட்டு ஆருக்குகா வைக்கிற? போய்க் கேட்டுப் பாருங்க!"

பகல் சாப்பாடு முடிந்த நேரம். உம்மாவின் தங்கச்சி, என் சாச்சி, வயிறு குலுங்கச் சிரித்தார். "மச்சி, ஊர்ச் சண்டைக்கு நீங்களே இலக்கம் போட்டுக் குடுத்திட்டீங்க. ஒரு சஹன்ல ஆறு பேர் சுத்தியிருந்து திங்கக்குள்ள மட்டும் இவங்களுக்கு ஒண்டு ரெண்டு இல்ல."

மாமி சாச்சியையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு எழும்பிப் போய், கழுவி வைத்திருந்த சஹன் தட்டைத் துடைத்துக் கொண்டுவந்து, பெரியதொரு தாளின்மேல் கவிழ்த்தார். "புடிச்சுக்கோ. அசையக் கூடாது" என்றார் என்னிடம். இரண்டு கையாலும் அமத்திப் பிடித்தேன். கீழ்ப்பக்கம் ஓரிடத்தில் தட்டு வழுக்கி, வட்டம் நெளிந்துவிட்டது. கண்ணாடிக்குள்ளே அந்த நெளிவு இன்றைக்கும் இருக்கிறது. கடிதத்தை வட்டத்துக்குள் எழுதிவிட்டு, "இதுல எது தலை, எது கால்னு யாரும் சொல்லட்டும் பாப்போம்" என்றார்.

தாளைச் சாச்சியும் நானும் முதலில் பெரிய மாமாவிடம் கொண்டுபோனோம். அவர் அதை இப்படியும் அப்படியும் திருப்பிப் பார்த்தார்.

"இதுல தலைமாடு எது?"

"நீங்க வைக்கிற இடம்தான் காக்கா தலைமாடு" என்றார் சாச்சி, முகத்தில் ஒரு அசைவுமில்லாமல்.

மாமா தொண்டையைச் செருமி, நெளிவுக்குப் பக்கத்தில் பெரிதாக ஒப்பம் வைத்தார். மற்ற ஆறு வீட்டிலும் அந்தந்த வீட்டுப் பெண்கள் அதே வசனத்தைத்தான் சொன்னார்களாம்.

ஏழு பேரும் ஒரே வான் வண்டியில் ஏறிக் கடிதத்தைக் கந்தோருக்குக் கொண்டுபோய், பிரதியைக் கொடுத்துவிட்டு அசலைத் தாங்களே வைத்துக்கொண்டார்கள். படமும் எடுத்தார்கள். திரும்பி வந்த கையோடு, வகுப்புத்தான் வரப்போகிறதே, இனிப் பெண்களைக் கூட்டிவைத்து என்ன கதை என்று கொட்டில் வகுப்பை நிறுத்தச் சொன்னார்கள். நிறுத்தியாயிற்று. கந்தோரிலிருந்து பதில் வர ஒரு வருடத்துக்கு மேல் ஆனது. சும்மா இருக்கிற பிள்ளை கெட்டுப்போகும் என்று பெரிய மாமா அதற்குள் என்னைத் தறியில் இருத்தியிருந்தார். வாப்பா சவூதியில். உம்மா, காக்கா சொன்னால் சரி என்பவர். ஒன்பதாம் வகுப்பு திறந்த அன்று மாமி ஓடிப்போய்ப் பெரிய மாமாவிடம் எனக்காகக் கேட்டார். "அவள் வேலை பழகிட்டாள், போதும்" என்றார் அவர். மாமி விடவில்லை. அதற்கு அவர் சொன்னது வேலியோரம் நின்ற என் காதிலும் விழுந்தது: "உங்கட புள்ளயா அது? எங்கட குடிப் புள்ள."

அந்த வகுப்பைக் கேட்ட தாளில் தன் ஒப்பம் இருக்கிறதே என்று அவருக்கு நாக்குக் கூசவில்லை.

சில வருடத்தில் சின்ன மாமா மௌத்தானார். மாமிக்கு வீசா நீட்ட ஊரில் ஒருவர் பொறுப்பெடுத்து ஒப்பம் வைக்கவேண்டியிருந்தது. வட்டமும் வேண்டாம், கோடும் வேண்டாம், ஒரேயொரு ஒப்பம். ஏழு பேரில் ஒருவரும் வைக்கவில்லை. ஒரு பெட்டியோடு வந்தவர் அதே பெட்டியோடு போனார். விழாவில் அவரை யாரும் சொல்லவுமில்லை.

எனக்கு மறக்காதது, பெரிய மாமா ஒப்பம் வைத்த அந்தப் பின்னேரம்தான். மை காயமுன்னே சாச்சியின் கையிலிருந்து தாளைப் பறித்துக்கொண்டு மாமியிடம் ஓடினேன். "மாமி, இனி நான் ஒன்பதுக்குப் போவன்!" என்று குதித்தேன். மாமி தாளை வாங்கி மையை ஊதினார். ஒப்பத்தைப் பார்த்தார், பிறகு என்னைப் பார்த்தார். சிரிக்கவில்லை.

"இது ஊருக்குப் போட்ட கையெழுத்தும்மா. உனக்குத் தனியாக் கேக்கணும்."

பாவம், மாமிக்கு எங்கள் ஊர் நடப்பு இன்னும் பிடிபடவில்லை என்று நினைத்துக்கொண்டேன். நானும் ஊர்தானே, இதில் தனியாகக் கேட்க என்ன இருக்கிறது?