பிரிக்காத பதினாறு பக்கங்கள்

புதுப் புத்தகத்தின் பசை வாடை மற்றவர்களுக்கு இனிக்கும். எனக்குக் காது மடல் சுடும். கருவாட்டு வீச்சமும் உப்புக்காற்றும் கலந்து வீசுகிற தூத்துக்குடித் தெருவிலும் அது தனியாக வந்து என்னைக் கண்டுபிடித்துவிடுகிறது.

வசனகவிதை எழுதுகிறவன் நான். புதிதாக வருகிற துப்பறியும் நாவல்களுக்கு மதிப்புரை எழுதித்தரும்படி ஒரு மாத இதழ் கேட்டபோது இளக்காரத்தோடுதான் ஒப்புக்கொண்டேன். ஒரு கொலை, நாலு துப்பு, ஒரு திருப்பம். இதற்கு எதற்கு முழுதாகப் படிக்க வேண்டும்? என் நடை பார்த்துக்கொள்ளும் என்று ஒரு திமிர்.

அப்போது வந்ததுதான் அந்த நாவல். எழுதியவர் எங்கள் ஊர்க் கடலில் சங்கு குளிக்கிறவர். அவருக்கு அது முதல் புத்தகம். சங்கெடுக்க மூழ்கியவன் கையில், மணலுக்குள்ளிருந்து ஒரு மனிதக் கை தட்டுப்படுகிறது. அங்கே தொடங்குகிறது கதை. நன்றாகத்தான் ஓடியது. படகு முதலாளிமேல் சந்தேகம் இறுகிக்கொண்டே வந்தது. கடைசிப் பதினாறு பக்கங்களுக்கு வந்தபோது தாள்கள் பிரியவில்லை. அச்சகத்தில் மேல்விளிம்பை வெட்டாமல் விட்டிருந்தார்கள். ஒரு கத்தி இருந்தால் இரண்டு நிமிட வேலை. கத்தி அடுப்படியில் இருந்தது. நான் நாற்காலியில் இருந்தேன். மறுநாள் மதிப்புரை போயாக வேண்டும்.

எழுதினேன்: ‘படகு முதலாளிதான் கொலைகாரர் என்பது பாதியிலேயே தெரிந்துவிடுகிறது. ஆழ்கடலில் தொடங்கி முழங்கால் தண்ணீரில் முடிகிற நாவல்.’ அந்தக் கடைசி வரியை இரண்டு முறை வாய்விட்டுப் படித்து ரசித்தேன். நானே.

இதழ் வந்ததற்கு அடுத்த ஞாயிற்றுக்கிழமை, பூசை முடிந்த கையோடு, மடிப்புக் கலையாத வெள்ளைச் சட்டையில் அந்த நாவலாசிரியர் என் வீட்டுக்கு வந்தார். என்னைவிடப் பத்து வயது இளையவர். காபி குடித்து முடிக்கும்வரை காற்றைப் பற்றியே பேசிக்கொண்டிருந்தார். பிறகு டம்ளரைக் கீழே வைத்தார்.

“அண்ணாச்சி, முழுசும் படிச்சியளா?”

“பின்னே? படிக்காம எழுதுவனா?”

“இல்ல, முதலாளி கொன்னாருன்னு எழுதிருக்கியள்லா, அதான் கேக்கேன். நான் எழுதுன புத்தகத்துல வேற ஆளுல்லா கொன்னான்!”

சிரித்துக்கொண்டேதான் சொன்னார். புத்தகம் மேசைமேல் கிடந்தது. ஒளிக்க நேரமில்லை. எடுத்து, கடைசிப் பக்கங்களை விரலால் தடவினார். மணலைத் துழாவிப் பழகிய விரல்கள். ஒட்டியிருந்த இடம் உடனே அகப்பட்டது. மடிப்புக்குள் எட்டிப் பார்த்தார்.

“உள்ள வெளிச்சமே படலையே, அண்ணாச்சி.”

புத்தகத்தைத் தன் மடியில் வைத்துக்கொண்டார்.

“ரெண்டாவது நாவல் பதிப்பாளர்ட்ட கெடக்கு. நீங்க எழுதுனதப் பாத்துட்டு, இப்ப வேண்டாம், பொறுங்கன்னுட்டாரு.”

“அடுத்த மாசமே திருத்தம் எழுதுதேன். முதலாளி கொலைகாரர் இல்லைன்னு...”

“ஐயையோ! அத எழுதுனா புத்தகமே போச்சு. கடைசி வரைக்கும் எல்லாரும் முதலாளியத்தான் நம்பணும். ஒங்களயே நம்ப வச்சிருக்கேன்லா? முடிவப் படிக்கலங்கத மட்டும் எழுதுங்க, போதும்.”

அதை மட்டும்! என் பெயர் என்ன ஆகும் என்ற நினைப்புதான் முதலில் வந்தது. அவருடைய இரண்டாவது நாவல் அதற்குப் பிறகுதான் நினைவில் வந்தது. அந்த வரிசையை இன்றுவரை என்னால் மாற்றிக்கொள்ள முடியவில்லை.

அவர் பைக் சாவியை மடிப்புக்குள் விட்டு ஒவ்வொரு தாளாகக் கிழித்துப் பிரித்தார். “இங்கன வச்சே படிங்க,” என்றார். பள்ளிக்கூடத்தில் பாடம் ஒப்பிக்கிறவன்போல அவர் முன்னாலேயே பதினாறு பக்கங்களையும் படித்தேன். கொன்றவர் யார் என்று இங்கே சொல்லமாட்டேன். அவர்மேல் எனக்கு ஒரு வரியில்கூடச் சந்தேகம் வந்திருக்கவில்லை. கடைசிப் பக்கத்தை நான் மறுபடி மேலிருந்து படித்ததை அவர் பார்த்தார். பார்க்காததுபோல ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

வாசல்வரை போனேன். பைக்கில் ஏறி உட்கார்ந்தவரிடம், “முடிவப் படிக்காமத்தான் எழுதுனேன்னு எழுதிடுதேன்,” என்றேன்.

“சரி அண்ணாச்சி. அடுத்த புத்தகம் வந்தா, நானே பக்கத்த வெட்டிக் கொண்டாந்து தாரேன்.”