நிஜமா, புளுகா

மின்சாதனங்கள் விற்கும் அந்தப் பெரிய கடையில், மாடிப்படிக்குக் கீழே, விற்ற பொருளைத் திருப்பி வாங்குகிற கவுண்டர் ஒன்று இருந்தது. அங்கே உட்கார்ந்திருந்தவளுக்கு எக்ஸ்ரே என்று பெயர். பெற்றவர்கள் ஆசையாக வைத்த பெயர் சம்பளச் சீட்டோடு சரி. முதலாளியிலிருந்து பெட்டி தூக்குகிறவர் வரை எல்லோருக்கும் அவள் எக்ஸ்ரேதான்.

பெயரை அவள் சும்மா வாங்கிவிடவில்லை. "பெட்டியையே பிரிக்கலைங்க" என்று ஒரு அம்மாள் ஹேர் டிரையரை நீட்டினால், பின்பக்க வலையில் சிக்கியிருக்கும் ஒற்றை முடியை நகத்தால் இழுத்து மேஜைமேல் வைப்பாள். ஒரு வார்த்தை பேசமாட்டாள். அந்த அம்மாளும் பேசாமல் பெட்டியை மூடிக்கொண்டு போய்விடுவார். பிளக்கின் பித்தளைக் கால்களை வெளிச்சத்தில் திருப்பிப் பார்ப்பாள். சுவரில் ஒருமுறை சொருகி எடுத்திருந்தாலும் கீறல் விழாமல் இருக்காது. மிக்ஸி ஜாரின் பிளேடுக்கு அடியில் மோந்து பார்ப்பாள். என்னதான் கழுவினாலும் அரைத்தது அங்கே கொஞ்சம் ஒட்டிக்கொண்டுதான் இருக்கும்.

வேலையும் குணமும் ஒன்றாகிப்போன பிறவி அது. பக்கத்து வீட்டுக்காரி சிரித்தால் ஏன் சிரித்தாள் என்று யோசிப்பாள். சிரிக்காவிட்டால் இன்னும் அதிகமாக யோசிப்பாள். அந்தக் காலத்தில் கல்யாணம் பேச வந்த ஒருவர், "சிகரெட்டா? தொட்டதே இல்லை" என்றபோது விரல்களைக் காட்டச் சொன்னாளாம். மனிதர் வைத்த காபியைக் குடிக்காமலே எழுந்து போய்விட்டார். "தப்பிச்சேன்" என்று இன்றுவரை சொல்லிக்கொண்டிருக்கிறாள். அதை நம்புவதும் நம்பாததும் கேட்கிறவர் பாடு.

இப்படிப்பட்டவளிடம்தான் தம்பி மனைவி வந்து நின்றாள். அவளுக்கு ஆஸ்பத்திரியில் ரத்தம் பரிசோதிக்கிற வேலை. அவசரம் இல்லாமல் நாத்தனார் வீட்டுப் படியேறுகிற ஆள் அல்ல.

"அண்ணி, கொஞ்ச நாளைக்கு வாண்டு சாயங்காலம் உங்ககிட்ட இருக்கட்டுமே."

"ஏன்? என்ன விஷயம்?"

"விஷயம்லாம் ஒண்ணும் இல்ல. உங்ககூட இருந்தா அவளுக்குக் கொஞ்சம் தைரியம் வரும்."

எக்ஸ்ரேக்கு மூக்கில் வியர்த்தது. இத்தனை வருஷத்தில் தம்பி மனைவி அவளைப் பாராட்டியதே இல்லை. எதையோ தலையில் கட்டப் பார்க்கிறாள் என்று நினைத்துக் கிண்டிக் கிளறிக் கேட்ட பிறகுதான் விஷயம் வெளியே வந்தது.

மகள் வாண்டுக்கு ஏழு வயது. பெயர்தான் வாண்டு, வாண்டுத்தனம் மருந்துக்கும் கிடையாது. பள்ளிக்கூடத்தில் டீச்சர், பால் எங்கேயிருந்து கிடைக்கிறது என்று கேட்டிருக்கிறார். முந்திக்கொண்டு எழுந்தவள், "ஃப்ரிட்ஜ்லேருந்து" என்றிருக்கிறாள். வகுப்பே விழுந்து விழுந்து சிரித்ததாம், டீச்சர் உட்பட. அன்றிலிருந்து பிள்ளைகள் அவளை ஃப்ரிட்ஜ் என்றுதான் கூப்பிட்டார்கள். அவளும் அன்றிலிருந்து எது கேட்டாலும் "தெரியல" என்றுதான் சொன்னாள். பேர் கேட்டால் தெரியல, பசிக்கிறதா என்றால் தெரியல. தெரியல என்று சொன்னால் தப்பாகவே முடியாது அல்லவா?

குழந்தைக்குத் தைரியம் வரப் போனில் வந்த யோசனைகளை எல்லாம் தம்பி மனைவி சொல்லிவிட்டுப் போனாள். எக்ஸ்ரே ஒவ்வொன்றாகச் செய்து பார்த்தாள். கண்ணாடி முன்னால் நிறுத்தி, "நான் கெட்டிக்காரி" என்று சொல்லவைத்தாள். குழந்தை சொன்னது கண்ணாடிக்கே கேட்டிருக்காது. தன்னைத்தானே புகழ்ந்துகொள்கிறவர்களை எக்ஸ்ரே கவுண்டரில் தினமும் பார்க்கிறவள். இது வேலைக்காகாது என்று அவளுக்கே பட்டது. காலி அட்டைப் பெட்டிகளால் கோபுரம் கட்டச் சொல்லி, "சூப்பர்!" என்று கை தட்டினாள். வாண்டு கோபுரத்தைப் பார்க்கவில்லை. நிஜமாகத்தான் சொல்கிறாளா என்று அத்தையின் முகத்தைப் பார்த்தாள். எக்ஸ்ரேக்குத் திக்கென்றது. அடடா, நம்ம ரத்தம் என்று உள்ளுக்குள் கொஞ்சம் பெருமையாகவும் இருந்தது.

அப்படிப் பிறந்ததுதான் அந்த விளையாட்டு. ஸ்டூலில் வாண்டு ஆபீசராக உட்காருவாள். எக்ஸ்ரே பழைய இஸ்திரிப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு வாடிக்கையாளராக வருவாள். ஒருநாள் தலையில் துண்டு கட்டிய கிழவர், ஒருநாள் மூக்கால் பேசும் சீமாட்டி. தினம் ஒரு கதை. ஆபீசர் மூன்று கேள்வி கேட்கலாம். பிறகு நிஜமா, புளுகா என்று தீர்ப்புச் சொல்லவேண்டும். தெரியல என்று மட்டும் சொல்லக்கூடாது, அதுதான் சட்டம்.

முதல் நாள் வாண்டு வெகு நேரம் தயங்கி, "நிஜம்" என்றாள். எக்ஸ்ரே மனதில் வைத்திருந்தது புளுகு. ஆனால் சொல்லிவிட்டு அந்தக் குழந்தை தோளைக் குறுக்கிக்கொண்டதைப் பார்த்ததும் மனதை மாற்றிக்கொண்டாள். "கரெக்ட்!" என்றாள். அன்றிலிருந்து வாண்டு எதைச் சொன்னாலும் கரெக்ட்தான். புளுகர்களைப் பிடிப்பதையே பிழைப்பாக வைத்திருந்தவள், சாயங்காலம் ஆனால் வாய் கூசாமல் புளுகினாள்.

பலன் கிடைக்காமல் இல்லை. ஆபீசர் ஸ்டூலில் நிமிர்ந்து உட்கார ஆரம்பித்தாள். கேள்விகள் கூர்மையாயின. "வாங்கின அன்னிக்கே கெட்டுப்போச்சுன்னா, ஏன் அன்னிக்கே வரல?" என்று கேட்டபோது எக்ஸ்ரேயே ஒரு நிமிஷம் திணறிப்போனாள். ஒரே ஒரு விஷயம்தான் உறுத்தியது. ஒவ்வொரு "கரெக்ட்"டுக்கும் பிறகு வாண்டு அவளைக் கொஞ்சம் கூடுதலாகவே பார்த்தாள். அந்தப் பார்வையில் என்ன இருந்தது என்று எக்ஸ்ரேயால் கண்டுபிடிக்க முடியவில்லை.

ஒரு நாள் தம்பி மனைவி கோபமாக வந்தாள். "தலை வலிக்குதுன்னு படுத்தா, 'புளுகு, நீங்க போன்தான் பாத்தீங்க'ங்கறா. தைரியத்த வளக்கச் சொன்னா சந்தேகத்த வளத்து வெச்சிருக்கீங்களே, அண்ணி!"

"பேசறா இல்ல? அதப் பாரு."

"பேசறா. ஆனா விளையாட்டுல இதுவரைக்கும் ஒரு தடவகூட அவ சொன்னது தப்பாகலையாமே? அது எப்படி?" தம்பி மனைவியும் லேசுப்பட்டவள் அல்ல. "நெஜமாவே ஒரு நாள் தப்பாகும். அன்னிக்கு மறுபடியும் வாய மூடிக்கிட்டா, அப்புறம் யார் வந்தாலும் தெறக்க முடியாது. சொல்லிட்டேன்."

எக்ஸ்ரேக்கும் அந்தப் பயம்தான்.

பள்ளிக்கூடம் இல்லாத ஒரு நாள் வாண்டைக் கடைக்குக் கூட்டிப்போகும்படி ஆயிற்று. கவுண்டருக்குப் பின்னால், அட்டைப் பெட்டிகளுக்கு நடுவே, சின்ன ஸ்டூலில் உட்காரவைத்தாள். காலை முழுவதும் குழந்தை வேடிக்கை பார்த்தது. மதியத்துக்கு முன்னால் ஒருவர் வந்தார். சட்டைக் கழுத்துப் பொத்தானைக்கூடப் போட்டிருந்த, மெலிந்த மனிதர். தண்ணீர் கொதிக்கவைக்கும் கெட்டிலைப் பெட்டியோடு இரண்டு கையிலும் ஏந்திவந்தார்.

"என் பொண்ணு ஹாஸ்டல்ல இருக்காங்க. அவளுக்காக வாங்கினேன். முதல் தடவ சொருகினப்பவே சூடே ஆகல" என்றார். குரல் தழுதழுத்தது.

எக்ஸ்ரே மூடியைத் திறந்தாள். உள்ளே பளபளவென்று இருந்தது. வேண்டியதற்கும் மேலாகப் பளபளத்தது. எலுமிச்சை வாசனை வந்தது. அடியில் படிந்த உப்பைத் தேய்த்துக் கழுவியிருக்கிறார்கள். ஓரத்தில் வெள்ளையாக ஒரு கோடு மிச்சம் இருந்தது. பிளக்கின் கால்களில் கீறலுக்குப் பஞ்சமே இல்லை. திருப்பினால் வெளி அடியில் கருகிய தடம். மாதக்கணக்கில் ஓடிய கெட்டில், தண்ணீர் இல்லாமல் காய்ந்துபோயிருக்கிறது. மனிதர் காதில் பூச்சுற்றப் பார்க்கிறார். அவள் வாயைத் திறந்தாள்.

அதற்குள் அந்த மனிதர் ஸ்டூலைப் பார்த்துவிட்டார். "என்ன பாப்பா, நீதான் இங்க ஆபீசரா?" என்று விளையாட்டாகக் கேட்டார்.

வாண்டு எழுந்து நின்றாள். "ஆமா. எங்க வெச்சு சொருகினீங்க?"

வரிசையில் நின்றவர்கள் சிரித்தார்கள். எக்ஸ்ரேக்கு உயிரே போய்விட்டது. சிரிப்பு! ஆனால் வாண்டு உட்காரவில்லை. "உங்க பொண்ணு அழுதாங்களா?" என்று கேட்டாள். "வேற கெட்டில் இருக்கா அவங்களுக்கு?" என்று மூன்றாவதையும் கேட்டாள். மனிதர் தடுமாறித் தடுமாறிப் பதில் சொன்னார். வாண்டு அவரையே பார்த்தாள். பிறகு கடைக்கே கேட்கும்படி, "நிஜம், அத்தை" என்றாள்.

யாரோ கை தட்டினார்கள். "பொண்ணு தீர்ப்புச் சொல்லிட்டாம்மா!" என்றார் ஒருவர். எல்லோரும் எக்ஸ்ரேயைப் பார்த்தார்கள். கெட்டிலின் அடியைத் திருப்பிக் காட்டினால் போதும், ஒரு நொடி வேலை. காட்டினால் இத்தனை பேருக்கு முன்னால் குழந்தை சொன்னது தப்பு. அந்தப் பழைய வகுப்பறை இங்கே மறுபடியும் வந்துவிடும்.

எக்ஸ்ரே கெட்டிலைப் பெட்டிக்குள் வைத்து மூடினாள். "மாத்திக் குடுத்துடறேன்" என்றாள். அந்த மனிதரை அவள் மன்னிக்கவில்லை. உள்ளுக்குள் கறுவிக்கொண்டேதான் புது கெட்டிலை எடுத்துக் கொடுத்தாள். அவர் வாண்டின் தலையைத் தடவ வந்தபோது நடுவில் போய் நின்றுகொண்டாள்.

சாயங்காலம் சூப்பர்வைசர் திரும்பிவந்த சாமான்களைச் சரிபார்த்தார். கெட்டிலைத் தூக்கி ஒருமுறை மோந்தார், ஒருமுறை திருப்பினார். "என்ன எக்ஸ்ரே, உனக்கே கரண்ட் கட்டா?"

"கவனிக்கல சார். என் தப்புதான்."

அந்த வாக்கியம் அவள் வாயில் வந்து பழக்கமே இல்லாதது. சூப்பர்வைசர் அவளைச் சந்தேகமாகப் பார்த்தார். தெரிந்தவருக்குச் சலுகை காட்டினாளோ என்று அவர் நினைப்பது முகத்தில் எழுதி ஒட்டியிருந்தது. சந்தேகப்படுவது எப்படி இருக்கும் என்று அவளுக்குத் தெரியும்; சந்தேகிக்கப்படுவது எப்படி இருக்கும் என்று அன்றைக்குத்தான் தெரிந்தது. முகம் சுட்டது. அட்டைப் பெட்டிகளுக்கு நடுவிலிருந்து வாண்டு எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருந்தாள்.

பஸ் நிறுத்தத்தில் கூட்டம். இருவரும் கம்பத்தோடு ஒட்டி நின்றார்கள்.

"அத்தை, அந்தக் கெட்டில்காரர் புளுகுதானே?"

"சேச்சே, நிஜம்டி. நீதான் கரெக்டா சொன்னியே."

வாண்டு அண்ணாந்து பார்த்தாள். அதே பார்வை. "இதுவும் புளுகு" என்றாள். "வீட்டுலயும் நீங்க இப்படித்தான். நான் எது சொன்னாலும் கரெக்ட்னுதான் சொல்வீங்க. ஒருநாள் முன்னாடி சொன்ன கதையவே மறுபடியும் சொன்னீங்க. நான் தீர்ப்ப மாத்திச் சொன்னேன். அதுக்கும் கரெக்ட்னீங்க."

தெருவையே சல்லடை போட்டுச் சலிக்கிறவளை, பல் விழுந்த ஒரு பொடிசு இத்தனை நாளாகச் சோதித்துப் பார்த்திருக்கிறது!

"தெரிஞ்சும் ஏன்டி விளையாடின?"

"நீங்க கிழவர் மாதிரி பேசறது நல்லா இருக்கும்."

"சரி, கடையில? அங்க நான் கரெக்ட்னு சொல்வேனான்னு தெரியாதே. அத்தனை பேர் இருந்தாங்களே."

வாண்டு செருப்பால் தரையைத் தேய்த்தாள். "அவர் அழற மாதிரி இருந்தாரு. நிஜமோன்னு தோணிச்சு. தோணினத சொன்னேன்."

எக்ஸ்ரேக்குக் கண் கலங்கிவிட்டது. பயந்தது அந்தக் குழந்தை அல்ல, தான்தான் என்பது அவளுக்கு உறைத்தது. சொல்லக்கூடாது என்று இத்தனை நாள் கட்டிக்காத்ததை இப்போது சொல்லியாகவேண்டும். தொண்டையைச் செருமிக்கொண்டாள்.

"வாண்டு, நீ சொன்னது தப்பு. அந்த ஆளு சொன்னது முழுப் புளுகு."

சொல்லிவிட்டு அந்தத் தோள்களையே பார்த்துக்கொண்டு நின்றாள். குறுகவில்லை. வாண்டின் முகம் மட்டும் சிவந்தது, மூக்கு விடைத்தது.

"அப்போ அந்தக் கெட்டில்காரர் ஒரு புளுகு மூட்டை!" என்று அவள் போட்ட சத்தத்தில் பஸ் நிறுத்தமே திரும்பிப் பார்த்தது.

"மெதுவாப் பேசுடி" என்றாள் அத்தை.