செரெஸ் என்று பெயர் வைத்தவர்கள்

எட்டு வருடமாக மணித்தியாலக் கணக்கில்தான் வேலை. ஒஸ்லோவில் ஓர் அருங்காட்சியகத்தில் காவலுக்கு நின்று நின்று குதிக்கால் தேய்ந்துவிட்டது. வழிகாட்டிக்கு நிரந்தர இடம் ஒன்று காலியானபோது, இதை விட்டால் எனக்கு வேறு கதியில்லை என்று தெரியும். ஐம்பத்தாறு வயதுக்காரனை யார் கூப்பிட்டு வேலை தரப்போகிறார்கள்?

பட்டுத் துணிகள் வைத்திருக்கும் அறையில் இருபது நிமிடம் பேசிக் காட்ட வேண்டும். கேட்பவர்கள் இரண்டு பேர்: ஒருவர் மேலாளர், மற்றவர் ஊழியர் பிரதிநிதி. அந்தப் பிரதிநிதி என்னோடு ஆறு வருடம் காவலுக்கு நின்ற பெண்.

காலையில் மனைவி தொலைபேசியில் கேட்டாள், "ஆர் ஆர் கேள்வி கேக்கினம்?"

"மனேஜரும் எங்கடை சீனாக்காரியும்."

"மெல்லக் கதையுங்கோ."

"இஞ்சை ஆருக்கப்பா தமிழ் விளங்கப்போகுது?"

ஊழியர்கள் உடுப்பு மாற்றும் அறையில், அந்தப் பெண் எனக்குப் பக்கத்தில்தான் கோட்டைக் கழற்றிக்கொண்டிருந்தார்.

பேச்சு நன்றாகத்தான் போனது. ரோமர்கள் லத்தீனில் சீனரை செரெஸ் என்றார்கள், பட்டுக்காரர் என்பதுபோல ஒரு பெயர். கடல்வழியாகக் கேள்விப்பட்டவர்களுக்கு சினே என்று இன்னொரு பெயர். இரண்டும் வேறுவேறு சனம் என்றே நெடுங்காலம் நம்பினார்கள். பட்டு என்பது மர இலைகளிலிருந்து சீவி எடுப்பது என்றும் எழுதிவைத்தார்கள். நேரில் பார்த்தவர் அநேகமாக எவருமில்லை.

அந்தப் பெண் கையை உயர்த்தினார். "தங்களுக்கு அப்படியொரு பெயர் இருப்பது அவர்களுக்குத் தெரியுமா?"

"தெரிந்திருக்காது. அவர்களுக்கு முன்னால் யாரும் சொல்லவில்லையே."

"சீனாக்காரி," என்றார் அவர். தமிழில், அச்சொட்டாக என் உச்சரிப்பில்.

அது என்ன சொல் என்று மேலாளர் கேட்டார்.

"அவரே விளக்குவார்," என்றார். "அதைச் சொல்லும்போதெல்லாம் என்னைப் பார்ப்பார்."

பொய் ஒன்று வாய் வரை வந்தது. சொல்லவில்லை. "எங்கள் வீட்டில் இவரை அப்படித்தான் சொல்வோம். சீனப் பெண் என்று அர்த்தம்."

"என் அப்பா அம்மா வியட்நாம். நான் பிறந்தது இதே ஒஸ்லோவில், அம்மருட்டில்," என்றார் அவர். ஆறு வருடத்தில் நான் அதைக் கேட்டதேயில்லை. வேலை போச்சு என்று நினைத்தேன். வெட்கம் பிடுங்கித் தின்றது.

மேலாளர் அவரிடம் முடிவு கேட்டார். "இந்த அறையை இவரைவிட நன்றாகச் சொல்ல ஆளில்லை. கொடுங்கள்."

வீட்டுக்குப் போய், வேலை கிடைத்துவிட்டது என்றேன். யாரால் கிடைத்தது என்று சொல்ல வாயெடுத்தேன். அவருடைய பெயர் என் வாய்க்குப் பழகியிருக்கவில்லை.